நிக்கிறதுக்கு எதுக்கு மைக்?

இதை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் கோயில் பஜனையில் ஜால்ரா போடும் கோமளம் மாமி. என் பெரியவள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், முறுக்குப் பிழிந்துகொண்டே சொன்னார். கேட்கக் கேட்க, அடுப்பு எரிந்ததைவிட என் வயிறு அதிகம் எரிந்தது.

சினிமாவுக்கு வசனம் எழுதி நொடித்துப்போன தாமோதரன், நாடகம் எழுதக் கற்றுக்கொள்ள ரேடியோ நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வாய்த்த குரு கிருபாநிதி, அவரைவிட நாலு வயது இளையவர். தாமோதரனுக்கு அதுவே ஒரு முள்.

ஒரு துப்பறியும் படத்தை அரைமணி நாடகமாகச் சுருக்கச் சொன்னார் குரு. படத்தில் ஒரு வேலைக்காரி வருவாள். மாடியில் கொலை நடக்கிற நேரம் முழுக்கக் கீழே கூடத்தில் நிற்பாள். பேசமாட்டாள். கடைசியில் எல்லோரும் அவள்மேல் பழி போடும்போது, "இவள் இங்கேயேதானே நின்றாள்!" என்று துப்பறிகிறவர் காப்பாற்றுவார்.

தாமோதரன் அந்தக் கடைசி வசனத்தை வைத்துக்கொண்டார். அவளுக்கென்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்த வேஷத்துக்கு இரண்டு பஸ் மாறி வந்த தங்கபுஷ்பம், ஒத்திகை முடிந்ததும் தாமோதரனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்லீங்களா? ஆரம்பத்திலேர்ந்து இங்கேதானே நிக்கிறேன்?"

"நிக்கிறதுக்கு எதுக்கு மைக்? நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

தாமோதரன் இப்படிச் சொன்னதும் நடிகர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாவி மனுஷன்! ஒரு பெண்பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒத்திகையைக் கேட்டுக்கொண்டிருந்த கிருபாநிதி, தாமோதரன் எழுதினதைத் திருப்பிக் கொடுத்தார். "சரியில்லை."

"என்ன சரியில்லை, குருநாதா?" குருநாதாவில் குத்தல் இருந்தது.

"நாளைக்கு வேலைக்காரி இடத்திலே நீங்க நில்லுங்க."

"பேசணுமா?"

"நீங்க எழுதினபடி."

மறுநாள் மைக்கைச் சுற்றி நாலு நடிகர்கள். ஐந்தாவதாகத் தாமோதரன். அரைமணி நேரம் வாய் திறக்காமல் நின்றார். கால் கடுத்தது. முடிந்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த எஞ்சினியரைக் குரு கூப்பிட்டார்.

"மாசிலாமணி, இங்கே எத்தனை பேர்?"

"நாலு பேருங்க."

"தாமோதரன்?"

"அவர் இன்னிக்கு வரலியே. வந்திருந்தா சும்மா இருந்திருப்பாரா?"

நடிகர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தாமோதரனுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்துவிட்டது.

"என்னய்யா அநியாயம் இது! ஆரம்பத்திலேர்ந்து இங்கேதானே நிக்கிறேன்! நீங்க நாலு பேரும் பார்த்தீங்கல்ல? ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னா என்ன?"

கிருபாநிதி தன் பேனாவை மூடி கழற்றி அவர் கையில் வைத்தார்.

"நேத்து அந்தம்மாவும் இதையேதான் சொன்னாங்க. அதை எழுதுங்க."

தாமோதரன் தாளைப் புரட்டி, வேலைக்காரி வருகிற இடத்தில் பேனாவை வைத்தார்.

இதை நீங்கள் வேறு யாரிடமாவது சொன்னால், வேலைக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். தங்கபுஷ்பம் என்று பேரைச் சொல்லுங்கள்.