தட்டில் நின்ற புளியங்கொட்டைகள்

அன்று வாசகர் வட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர்: வட்டத்தை நடத்தும் சபூரா டீச்சர், அச்சக முதலாளி வேல்மயில் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற தபால்காரர் இருளப்பன், மருந்துக்கடை ராஜாத்தி, அவள் மடியில் உறங்கிய கைக்குழந்தை. குழந்தையையும் சேர்த்துத்தான் ஐந்து.

சபூரா எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தவரில்லை. அண்ணாச்சியைவிட வயதில் இளையவர். ஆனாலும் புத்தகம் என்று வந்தால் அண்ணாச்சி அவர் சொல்லைத் தாண்டமாட்டார்.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கதையில் பெயரோடு ஒருவர் வந்தால் பித்தளைத் தட்டில் ஒரு புளியங்கொட்டை விழும். அவர் இறந்துபோனால் கொட்டை தட்டுக்கு இடப்பக்கம் போகும். கடைசிப் பக்கம்வரை வந்து சேர்ந்தால் வலப்பக்கம். தட்டு அண்ணாச்சியின் பொறுப்பு.

அந்த மாதக் கதை ஒரு உப்பளத்துப் பெண்ணைப் பற்றியது. தகப்பன் சாகிறான், கடன் நெரிக்கிறது, கால் புண்ணாகிறது. அத்தனையும் தாங்கிப் படித்து, அதிகாரியாக அதே ஊருக்கு வருகிறாள் பேச்சிக்கனி.

அண்ணாச்சி இரண்டு இடத்தில் அழுததாகச் சொன்னார். இரண்டுதானா, அடுத்த தடவை துண்டு கொண்டு வாரும் என்றார் இருளப்பன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. பையிலிருந்து அதே புத்தகத்தின் புதுப் பிரதி ஒன்றை எடுத்து டீச்சர் முன் வைத்தார். அவர் அச்சகத்தில் பசை ஒட்டும் முத்துச்செல்விக்குக் கொடுக்க வாங்கியது. அவள் கணக்கு வகுப்பில் சேர வேண்டும், தினமும் ஆறு மணிக்கு விட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தாள். சேர இன்றே கடைசி நாள். காலண்டர் சீசன், ஞாயிறும் வேலை ஓடுகிறது. முடியாது என்று காலையில்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். அது மனதில் கிடந்து உறுத்தியது.

“முதல் பக்கத்துல நீங்க ரெண்டு வரி எழுதித் தரணும் டீச்சர். கஷ்டம்தானே பேச்சிக்கனிய ஆளாக்குச்சு? நாம குறுக்கே போய் லேசாக்கிவிட்டா பிள்ளை கெட்டுப்போகாதா?”

டீச்சர் பேனாவைத் தொடவில்லை.

“மொதல்ல தட்டக் காலி பண்ணுங்க, அண்ணாச்சி.”

இடப்பக்கம் மூன்று கொட்டைகள். வலப்பக்கம் பேச்சிக்கனி, அவள் அம்மா, அவளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் என்று மூன்று. அண்ணாச்சி அவற்றைக் கொட்டை டப்பாவில் போட்டார். தட்டில் நின்றவற்றையும் வழித்தெடுக்கக் கை வைத்தார்.

“அது எத்தனை?”

எண்ணினார். “ஒம்பது.”

“யாரு அவங்க?”

அண்ணாச்சி சற்று யோசித்தார். முதல் அத்தியாயத்தில் விடியுமுன் பேச்சிக்கனியோடு உப்பள லாரியில் ஏறிய பெண்கள். ஒன்பது பேருக்கும் பெயர் இருந்தது.

“செத்துப்போனாங்களா?”

“இல்ல டீச்சர்.”

“கடைசிப் பக்கத்துக்கு வந்தாங்களா?”

“இல்ல. நடுவுல எங்கயோ... கதை அவங்கள விட்டுருச்சு. நானும் கவனிக்கல.”

டீச்சர் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“அவங்க கால உப்பு அரிக்கலையா, அண்ணாச்சி?”

ராஜாத்தி குழந்தையை மடியிலிருந்து தோளுக்கு மாற்றினாள்.

அண்ணாச்சி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தரை. தட்டிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். அச்சகத்துக்குப் போக வேண்டும், இன்று ஆறு மணிக்குமேல் பசை ஒட்டத் தானே உட்கார்ந்துகொள்ளலாம் என்று முணுமுணுத்தபடி செருப்பை மாட்டினார்.

வாசலைத் தாண்டும்போது டீச்சரின் குரல் கேட்டது.

“இன்னும் எட்டு இருக்கு, அண்ணாச்சி.”