வாசனை வராத குழம்பு

நல்லான்விளைக் கோயிலில் மூன்று நாள் உபவாசக் கூட்டம். பிரசங்கம் பண்ண வந்த ஞானாபரணம் ஐயா, தாம் பச்சைத்தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். சனங்களும் அவரைப் பார்த்துப் பட்டினி கிடந்தார்கள்.

இரண்டாம் நாள் காலையில் ஐயா, தாம் தங்கியிருந்த குருமனையில் சமைக்கிற அன்னப்பழத்தைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு, காணிக்கையாக வந்த சேவலைக் காட்டினார்.

"மத்தியானத்துக்கு இதை அடிச்சுக் குழம்பு வை. ஆனா வாசனை வெளிய போகக்கூடாது."

"அது எப்படி ஐயா முடியும்?"

"விசுவாசம் இல்லாதவதான் முடியாதும்பா. ஜெபம் பண்ணு, முடியும்."

"சரிங்க ஐயா."

கூட்டத்தில் ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரம் வந்தது. ஒருத்தி மகளுக்கு மாப்பிள்ளை கேட்டாள். ஒருவர் மூட்டுவலியைச் சொன்னார். அன்னப்பழம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"ஐயா மத்தியானத்துக்குக் கோழிக்குழம்பு கேட்டிருக்காங்க. வாசனை மட்டும் வெளிய வரக்கூடாதாம். என் ஒருத்தி ஜெபம் பத்தாது. எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க."

பசித்த சபை முழங்கால் போட்டு ஜெபித்தது. ஜெபம் கேட்கப்பட்டது. அன்று குருமனையிலிருந்து இம்மி வாசனை வரவில்லை.

மறுநாள் விடியுமுன் அந்தச் சேவல், ஐயாவின் ஜன்னலுக்கு நேரே நின்று கூவு கூவென்று கூவியது.