ஒரு வாய் கொள்ளு

நாணல் குட்டையில் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. கரையில் படுத்திருந்த காட்டெருமைகள் ஒன்றுகூட நிம்மதியாக அசைபோடவில்லை.

மந்தையின் தலைவி வீரி எல்லோரையும் கூட்டிச் சொன்னது: "குட்டையின் நடுப்பாறை வெளியே தெரிஞ்ச மறுநாள் காலையில மலையைத் தாண்டி ஆத்துப்பக்கம் போறோம். ஏற முடியாத கன்னுக்காக மந்தை காத்திருக்காது. செந்நாய்கள் இப்பவே சுத்தித் திரியுது!"

மந்தையில் இருந்த கருவாச்சி என்ற தாயெருமை தன் கன்றைத் திரும்பிப் பார்த்தது. அதன் கன்று மொட்டுக்கு இரண்டே மாதம். கருவாச்சி காய்ச்சலில் விழுந்து எழுந்ததில் மடி பாதிக்கு மேல் வற்றிப்போயிருந்தது. பாலுக்கு ஈடாகக் கன்றைப் புல்லுக்கு விரட்டியது.

"தின்னு மொட்டு! இந்தப் பக்கம் வா, இங்க பச்சையா இருக்கு!"

"வயிறு நிறைஞ்சிடுச்சும்மா!"

"நிறைஞ்சா என்ன? இன்னும் ரெண்டு வாய் தின்னு!"

மொட்டின் வயிறு பானைபோல உப்பியது. கால்கள் மட்டும் குச்சியாகவே இருந்தன. எழுந்து நின்றால் முழங்கால் நடுங்கியது. விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணலாம்.

கருவாச்சி ஓர் இடத்தில் நிற்கவில்லை. குட்டைக்கு ஓடி நடுப்பாறை தெரிகிறதா என்று பார்த்தது. கன்றிடம் ஓடி வந்து முகர்ந்தது. மறுபடி குட்டைக்கு ஓடியது. மரத்திலிருந்த கருங்குரங்கு இதைப் பார்த்துச் சிரித்தது.

"என்னக்கா இந்த ஓட்டம்?"

"என் பிள்ளை வளரவே மாட்டேங்குதே! நீயாவது ஒரு வழி சொல்லேன்!"

"இதென்ன பெரிய காரியம்! மூங்கில் அரிசி கொடு. அதைத் தின்னுதான் நான் இந்தத் தாவு தாவுறேன்!"

அன்றே கருவாச்சி மூங்கில் புதரைக் கொம்பால் உலுக்கி அரிசியை உதிர்த்தது. மொட்டு ஐந்து நாள் அதைத் தின்றது. வயிறு இன்னும் பெருத்தது. கால்கள் அப்படியேதான் இருந்தன.

ஆறாம் நாள் காலையில் கன்றின் காலடியில் யாரோ முணுமுணுப்பது கேட்டது.

"சே! இதெல்லாம் ஒரு சாணமா? அரிசி அரிசியாவே வந்திருக்கு, புல்லு புல்லாவே வந்திருக்கு! உருட்டினா உருண்டையே பிடிக்கலையே!"

அது ஒரு சாணவண்டு. கருவாச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சாணி உருட்டுற உனக்கு என் பிள்ளை சாப்பாட்டைப் பத்தி என்ன பேச்சு?"

"நீ வாய்க்குள்ள போறதை மட்டும் பார்க்கிற. நான் வெளியே வர்றதைப் பார்க்கிறேன்" என்றது வண்டு. "இது இன்னும் பால்குடிக் கன்னு. புல்லைச் செரிக்கிற பெரிய வயிறு இதுக்கு இன்னும் முழுசா வேலை செய்யலை. மூங்கில் அரிசி ஓடியாடத் தெம்பு கொடுக்கும். சதை பிடிக்க வேற ஒரு சத்து வேணும். அது பால்ல இருந்தது. பால் குறைஞ்சதும் அந்தச் சத்தும் குறைஞ்சிடுச்சு. அந்த ஒண்ணு இல்லாம மத்ததை மலைமலையாக் கொட்டினாலும் வீண்தான்!"

கருவாச்சியின் கோபம் இறங்கியது. "அந்தச் சத்து எங்கே கிடைக்கும்?"

"கிழக்குச் சரிவுல காட்டுக்கொள்ளு விளைஞ்சிருக்கு. குட்டை ஓரத் தண்ணியில ஊறவெச்சு, மெதுவானதும் காலையில ஒரு வாய், சாயங்காலம் ஒரு வாய் கொடு. மடியில இருக்கிற கொஞ்சப் பாலையும் விடாம ஊட்டு. போன வருஷம் தாயில்லாத ஒரு மான்குட்டி அப்படித்தான் பிழைச்சுது. அதோட புழுக்கையைத் தினமும் உருட்டினவன் நான்!"

கருவாச்சி அப்படியே செய்தது. நான்காம் நாள் மொட்டு தள்ளாடாமல் எழுந்து நின்றது. ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு பத்தடி ஓடவும் செய்தது!

கருவாச்சிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆனால் குட்டையைத் திரும்பிப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. நடுப்பாறையின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. நாளைக் காலையில் பயணம்!

'ஒரு வாய்க்கே இப்படி என்றால், பத்து வாய் கொடுத்தால் நாளைக்கே மலை ஏறிவிடுவானே!' என்று நினைத்தது. ஊறியிருந்த கொள்ளு முழுவதையும் கன்றின் வாயில் திணித்தது.

வெயில் ஏறுவதற்குள் மொட்டு தரையில் சாய்ந்துவிட்டது. இடப்பக்க வயிறு கல்லாக இறுகியது. மூச்சு இழுத்தது.

"வண்டே! வண்டே! ஓடி வா!" என்று கருவாச்சி அலறியது.

வண்டு பறந்து வந்தது. "எவ்வளவு கொடுத்தே?"

"ஊறினது முழுசையும் கொடுத்துட்டேன்!" என்று கருவாச்சி அழுதது.

"சரி, அழுறதுக்கு நேரமில்லை. படுக்க விடாதே! முட்டித் தூக்கி நடக்க வை!"

கருவாச்சி கன்றை எழுப்பிக் குட்டையைச் சுற்றி நடத்தியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. எட்டாவது சுற்றில் மொட்டு கழுத்தை நீட்டி "ஏவ்வ்!" என்று பெரிய ஏப்பம் விட்டது. நாணலில் இருந்த கொக்குகள் பயந்து பறந்தன. கருவாச்சி கன்றின் முகத்தை நக்கி நக்கி அழுதது.

மறுநாள் காலை வீரி வந்து கன்றைப் பார்த்தது.

"பெரியம்மா, இவனால இன்னும் மலை ஏற முடியாது. பத்து நாள் பொறுக்கக் கூடாதா?" என்று கேட்டது கருவாச்சி.

"நாப்பது உசுரு தாகத்துல நிக்குதே, மகளே!"

"அப்போ நீங்க போங்க. நான் இவனோட பின்னால வர்றேன்."

மந்தை போய்விட்டது. குட்டையில் கலங்கிய தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒருநாள் இரண்டு செந்நாய்கள் கரைக்கு வந்தன. கருவாச்சி கொம்பைத் தாழ்த்திச் சீறவும் புதருக்குள் பின்வாங்கின. திரும்பக் கூட்டமாக வரும் என்று அதற்குத் தெரியும். கால்கள் ஓடு ஓடு என்றன. ஆனாலும் காலையில் ஒரு வாய், சாயங்காலம் ஒரு வாய். அதற்கு மேல் ஒரு கொள்ளுமணிகூடக் கொடுக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் வண்டு ஒரு பெரிய உருண்டையைப் பிடித்து உருட்டிக் காட்டியது.

"இதுதான் சாணம்! நம்பி ஏறலாம், கிளம்புங்க!"

மலை ஏற இரண்டு பகல் ஆனது. செங்குத்தான இடத்தில் மொட்டு மூன்று முறை சறுக்கியது. மூன்று முறையும் தானே எழுந்தது. உச்சியில் நின்றபோது கீழே ஆறும், ஆற்றில் இறங்கி நிற்கும் மந்தையும் தெரிந்தன. கருவாச்சி குரல் கொடுப்பதற்குள் மொட்டு சரிவில் இறங்கி ஓடத் தொடங்கியிருந்தது!

பதற்றத்தில் அள்ளிக் கொட்டுவது யாரையும் வளர்க்காது. குறைவது எது என்று அறிந்து, அதை அளவோடு கொடுப்பதே வளர்க்கும்.