பத்து வருஷம் நிற்கும் கம்ப்யூட்டர்

மருதாசலம் அன்றும் ஷிஃப்ட் முடிந்த கையோடு ரஹ்மத்தின் கடைக்கு வந்தார்.

பம்ப் செட் கம்பெனியில் லேத் ஓட்டுபவர். ஐம்பதைத் தாண்டியவர். உக்கடத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் ரஹ்மத், வயதில் அவருக்கு வெகு இளையவள். தன் கையாலேயே ஒன்றை அசெம்பிள் செய்ய வேண்டும் என்று அவளிடம் வேலை பழகினார். அதனால் அவள் அவருக்கு டீச்சர்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னைக்கு என்னங்கண்ணா?”

“நேத்து ஒரு கிராஃபிக்ஸ் கார்டு முடிவு பண்ணினேனுங்க டீச்சர். தீபாவளிக்கு அதைவிட நல்லது வருதுன்னு காலையில யூடியூப்ல சொல்றான்.”

“போன மாசமும் இதேதான் சொன்னீங்க.”

“ஆமாங்க.”

அவருடைய மகள் நிறைமதி, தாயோடு ஓசூரில் இருக்கிறாள். பெற்றவர்கள் பிரிந்த பிறகு, ஞாயிறு மத்தியானங்களில் அப்பாவும் மகளும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டில் சேர்வார்கள். ஆளுக்கொரு லாரி. மலைப்பாதையில் சரக்கு கொண்டுபோக வேண்டும். போனில் ‘ம்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறவள், லாரி ஓட்டும்போது மட்டும் பள்ளிக்கூடம், சிநேகிதி, காய்ச்சல் எல்லாம் சொல்வாள்.

சித்திரையில் விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. மருதாசலத்தின் பழைய கம்ப்யூட்டர் அதை இழுக்கவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே படம் உறைந்து நின்றது. அன்றிலிருந்து பாகங்கள் தேடுகிறார். கையில் இருப்பது ஓவர்டைம் பணம். இன்னொரு தடவை சேர்க்க உடம்பில் தெம்பில்லை.

“ஒரே தடவைதான் வாங்க முடியும் டீச்சர். எதை வாங்கினா பத்து வருஷம் நிக்கும்?”

ரஹ்மத், தான் வேலை செய்துகொண்டிருந்த கம்ப்யூட்டரை அணைத்தாள். பக்கத்து மூடியைக் கழற்றி அவர் பக்கம் திருப்பினாள்.

“இது எப்ப வாங்கினதுன்னு சொல்லுங்க.”

குனிந்து பார்த்தார். வெளிக்கூட்டின் ஓரம் துருவேறியிருந்தது. மதர்போர்டு புதிது. ராம் மெமரி இரண்டும் வேறு வேறு கம்பெனி. கிராஃபிக்ஸ் கார்டு யாரோ விற்றுவிட்டுப் போனது.

“எதைன்னு சொல்றதுங்க? ஒண்ணொண்ணும் ஒரு காலத்துல வந்திருக்கு.”

“நான் காலேஜ் சேர்ந்தப்ப எங்க வாப்பா வாங்கிக் கொடுத்தது.”

“இதுல எது அவர் வாங்கினது?”

“வெளிக்கூடு மட்டும்.”

மருதாசலம் துருவேறிய ஓரத்தை விரலால் தேய்த்தார்.

“அப்ப நான் எதுல பணத்தைப் போடறது?”

“பவர் சப்ளைல கையைச் சுருக்காதீங்க. அது கெட்டா மத்ததையும் சேர்த்துக் கெடுத்துடும். போர்டுல பின்னால சேர்த்துக்க இடம் இருக்கட்டும். கார்டு, இப்ப அந்த லாரி ஓடற அளவுக்குப் போதும்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு வேணுங்கறதை நாளைக்கு மாட்டிக்கலாம்.” மூடியைத் திருகியபடியே கேட்டாள்: “பாப்பா இப்ப எந்த மலையில ஓட்டறா?”

“தெரியலைங்க.”

அந்த வாரமே வாங்கினார்கள். கார்டு பழையது. அவரே எல்லாவற்றையும் மாட்டினார். லேத்தில் பழகிய விரல்களில் சின்னத் திருகாணி நிற்காமல் நழுவியது. பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது. அவர் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை மறுபடி வந்தார்.

“லாரி ஓடுச்சுங்களா?”

“ஓடுச்சுங்க. உச்சி வரைக்கும் ஒரு இடத்துல நிக்கல.”

“அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?”

“அவ வரல டீச்சர். மத்தியானத்துல இருந்து இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தேன். கடைசியா அவ எப்ப வந்தான்னு அதுலயே காட்டுது. ஆடி மாசம். அது வரைக்கும் வந்து வந்து பாத்திருக்கா.”

ரஹ்மத் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் எடுக்கவில்லை.

“இனி என்ன செய்யட்டும்?”

“நின்னு உழைக்கிறதுதானே கேட்டீங்கண்ணா. வர்ற ஞாயித்துக்கிழமையும் ஆன் பண்ணிட்டு உக்காருங்க.”