தங்கம் பூசிய படிகம்

காலை பதினொன்றே காலுக்குக் கணினித் திரையில் நூற்றிரண்டு வந்தது. அர்த்தநாரி எழுந்துபோய்ப் பேராசிரியர் ஹெப்சிபாவின் அறைக் கதவைத் தட்டினார்.

“போட்ட வெளிச்சத்தை விடக் கூடுதலாத் திரும்பி வருதுங்க மேடம். நூத்துக்கு நூத்திரண்டு. இதெப்படிங்க?”

அர்த்தநாரிக்கு நாற்பத்தேழு வயது. ராசிபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியான ஹெப்சிபாவுக்கு முப்பத்தாறு. மாணவர் மேடம் என்பார். குரு சார் என்பார்.

ஆறு வருடமாக அர்த்தநாரி தேடியது ஒன்றைத்தான். இரும்பு கலந்த ஒரு படிகம் கடுங்குளிரில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகும்போது, தன்மேல் விழும் அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதியை மிச்சமில்லாமல் திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பகுதி தொடங்கும் இடத்தில் வரைபடத்தின் கோடு முழங்கைபோல மடங்கும்.

மடிப்பு கிடைத்துவிட்டது. ஆய்வேடும் தயார். பல்கலைக்கழகப் பதிவு முடிய இன்னும் பத்தொன்பது நாள்; அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். நூற்றிரண்டு மட்டும்தான் உறுத்தல்.

எல்லாவற்றிலும் இரண்டைக் கழித்துவிடலாமா என்று கேட்டார்.

“நூறுன்னு எதைச் சொல்றீங்க, சார்?”

“பக்கத்துல வெச்ச தங்கக் கண்ணாடி திருப்பி அனுப்புறதைத்தானுங்க.”

“கண்ணாடி நிக்கிற மாதிரியேதான் படிகமும் நிக்குதா?”

ஆமாம் என்றார். பிறகு, இல்லை, படிகம் மிளகு அளவுதானே என்றார். பிறகு, கேள்வியே விளங்கவில்லை என்றார்.

ஹெப்சிபா எழுந்து ஆய்வகத்துக்கு நடந்தார்.

படிகம் வெற்றிடக் கலனுக்குள், ஒரு தண்டின் நுனியில் ஒட்டியபடி, குளிரிலேயே இருந்தது. அதற்கு எதிரே, ஒரு கம்பிச் சுருளில் குன்றிமணி அளவு தங்கம். சூடேறினால் அது ஆவியாகிப் படிகத்தின்மேல் படியும். சுருளைச் சூடாக்கும் குமிழை அர்த்தநாரி ஒருநாளும் தொட்டதில்லை. ஹெப்சிபாவின் கை அங்கே போனதும் அவர் குறுக்கே வந்தார்.

“இருக்கறது ஒரே படிகமுங்க. வளர்க்கவே எட்டு மாசமாச்சு. தங்கம் ஏறிட்டா அப்புறம் படிகம் எங்கீங்க மேடம்?”

ஹெப்சிபா குமிழைத் திருகினார்.

கலனின் ஜன்னல் வழியே பார்த்தபோது கறுத்த படிகம் மஞ்சளாகியிருந்தது.

“இப்போ அளங்க, சார்.”

எதை அளப்பது? எவ்வளவு குளிர்ந்தாலும் தங்கம் மீக்கடத்தியாகாது. அதை அவரே வருடாவருடம் வகுப்பில் சொல்கிறார். இருந்தாலும் அளந்தார். கோப்புக்குத் தப்பான பெயர் வைத்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார்.

நூற்றிரண்டு.

மடிப்பும் இருந்தது. அதே இடத்தில்.

தங்கமும் மீக்கடத்தியாகிவிட்டதா என்று உண்மையிலேயே கேட்டார்.

“ஆகியிருந்தா நகைக்கடைக்காரங்க நமக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பாங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. குளிர்விக்காதபோது இந்த மடிப்பு இருந்ததே இல்லை என்று வாதாடினார். நடுவில் எங்கெல்லாம் அளந்தீர்கள் என்று ஹெப்சிபா கேட்டார். குளிர்விக்கும் ஹீலியம் கிடைப்பதே அரிது. அறைச் சூட்டில் ஒருமுறை, கடைசிக் குளிரில் ஒருமுறை, அவ்வளவுதான் என்றார்.

“குளிர்ந்தா தண்டு சுருங்கும்ல. அதுல ஒட்டின படிகம் எந்தப் பக்கமாச் சாயுது? சாஞ்சா திரும்பி வர்ற வெளிச்சமும் மாறும்ல?”

அர்த்தநாரி அதைப் பார்த்ததில்லை.

தண்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி தண்டைப் பார்த்தார்.

“அப்ப ஆறு வருசமா நான் பார்த்தது என்னதுங்க மேடம்?”

ஹெப்சிபா மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு செல்லோடேப் சுருளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் படிகம் அடுக்கடுக்கானது. டேப்பை ஒட்டி இழுத்தால் மேல் அடுக்கு தங்கத்தோடு உரிந்து வந்துவிடும். அடியில் யாரும் பார்க்காத புது முகம் இருக்கும்.

2017 ஜூன் 30 அன்று அர்த்தநாரியின் பதிவு காலாவதியானது. ஜூலை 3 அன்று அவர் மறுபதிவுக்கு விண்ணப்பித்தார்.