முப்பத்தேழாம் ஆடு

கலிவரதனுக்கு வந்த துக்கம் ஒரு ஆட்டால் வந்தது. புல் தின்கிற ஆடு இல்லை. காகிதத்தில் நிற்கிற ஆடு.

புதுச்சேரியில் டயர் கடை வைத்திருந்தவர் அவர். அறுபது தாண்டியதும் கடையை மூடிவிட்டு கல்லில் வரைந்து அச்செடுக்கிற லித்தோ படங்கள் சேர்க்க ஆரம்பித்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் பிரான்சில். கடை இருந்தவரை ஊரில் பாதிப் பேரோடு வாயடித்தவர், மூடிய பிறகு பேசியதெல்லாம் பெரும்பாலும் அந்த ஆட்டோடுதான். காலையில் காபித் தம்ளரோடு அதன் எதிரே உட்கார்ந்து, "என்னடா, ராத்திரி அந்த மழை பேஞ்சுதே, கேட்டியா?" என்பார். ஆடு எதிர்த்துப் பேசாது. அந்த வகையில் மகனைவிடத் தேவலை.

அந்துவான் ரத்தினம் என்கிற ஓவியர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் போட்ட ஆடு அது. வழவழவென்று தேய்த்த கல்லின் மேல் மெழுகுப் பென்சிலால் வரைந்து, மை ஏற்றி, நாற்பது தாள் அச்செடுத்தார். நாற்பது முடிந்ததும் கல்லைத் தேய்த்து அழித்துவிட்டார். ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலில் ஒரு நம்பர், ஒரு கையெழுத்து. கலிவரதனிடம் இருந்தது முப்பத்தேழு.

இருந்தது. இப்போது இல்லை.

அதற்காகத்தான் அன்று காலை பியாத்ரிஸிடம் போனார். பழைய காகிதங்களைச் சீர்செய்வது அவள் தொழில். வயது முப்பத்தைந்து. அவருடைய மகளாக இருக்க வேண்டியவள், குருவாக வாய்த்துவிட்டாள். ஒரு படத்தின் முதுகில் காய்ந்திருந்த பசையை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"மாத்திக்கிட்ட படத்தைத் திரும்பக் கேக்கலாமா?"

"கூடாது."

அது அவள் வைத்த சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அறையில் சேகரிப்பவர்கள் கூடுவார்கள். படம் மாற்றிக்கொள்கிற இருவரும் ஒரே குழாயில் கை கழுவி, துடைத்து, ஒருவர் படத்தை மற்றவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு பேச்சில்லை.

"யார்கிட்ட மாத்துனீங்க?"

"வேற யாரு, நம்ம சொல்தாதான்."

சொல்தா என்றால் லெயோன் சவரிமுத்து. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவரிடமும் அதே ஆடு, ஒன்றாம் நம்பர். முப்பது வருஷமாக அவர் வீட்டுச் சுவரில் நின்றது. கலிவரதன் நெஞ்சை நிமிர்த்தி, ஒரு புருவத்தை ஏற்றி, நண்பனை 'மொன் அமி' என்று கூப்பிடுகிற லெயோனாகவே மாறினார்.

"'கலி, மொன் அமி, ஒண்ணாம் நம்பர்னா சும்மாவா? அது ராஜா. உன்னுது கடைசி பெஞ்சு.' இப்படிச் சொல்லிச் சொல்லியே ஏத்திவிட்டான் டீச்சர். நான்தான் ஆறு மாசம் கெஞ்சி வாங்கினேன்."

பியாத்ரிஸ் சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் கொஞ்சம் ஆடியது.

"அண்ணே, அச்சடிச்ச தாளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவாங்க. கையெழுத்துப் போடறவர் மேல இருக்கிறதைத்தான் முதல்ல எடுப்பார். உங்க ராஜா கடைசியாப் பொறந்தவரா இருக்கலாம்."

கலிவரதன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"சரி, அதை விடுங்க. அதே கல்லு, அதே ஆடு. அப்புறம் எதுக்குத் துக்கம்?"

"அதே ஆடு இல்லை டீச்சர். முப்பத்தேழுல இடது காதுல மை சரியா ஏறலை. அந்தக் காது வழியா வெயில் தெரியற மாதிரி இருக்கும். ஒண்ணுல காது அட்டக் கறுப்பு. சலூன்ல சாயம் பூசிக்கிட்டு வந்த மாதிரி நிக்கிது. ரெண்டு வாரமா காபி குடிக்க உக்காந்தா பேச்சே வரலை. யார் வீட்டுக்கோ போன மாதிரி இருக்கு."

பஞ்சு நின்றது.

"சரி. உங்களுக்காகச் சட்டத்தைத் தளர்த்தறேன். போய்க் கேளுங்க. ஒண்ணாம் நம்பரையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு, அந்தக் காதை லெயோனுக்குக் காட்டுங்க. காட்டிட்டுக் கேளுங்க."

"காட்டாம கேட்டா?"

"காட்டிட்டுக் கேளுங்க."

அட்டைப் பையில் ராஜாவைப் போட்டுக்கொண்டு கலிவரதன் கிளம்பினார். வழியெல்லாம் லெயோன் என்ன சொல்வார் என்று லெயோன் குரலிலேயே ஒத்திகை பார்த்தார். பூக்காரி ஒருத்தி பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

லெயோன் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் கொடுத்தார். இரண்டு ஆடுகளும் அக்கம்பக்கமாகப் படுத்தன. கலிவரதன் விரல் படாமல் காதைக் காட்டினார்.

"இங்க பாரு. வெயில்."

லெயோன் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"இதை நான் அச்சு சரியில்லைன்னு நினைச்சேன்."

"சரியில்லாததுதான். அதான் அழகு. குடுத்துடு லெயோன். டீச்சர் அனுமதி குடுத்தாச்சு."

லெயோன் நிமிரவே இல்லை. 

"நேத்துக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன், மொன் அமி. இப்பப் பாத்துட்டேனே."

 எழுந்து போய்விடலாம் என்று கலிவரதன் ஒன்றாம் நம்பரைத் தூக்கினார்.

"இரு, இரு. நீ அதைச் சரியாப் பாத்தியா?" என்றார் லெயோன். "கழுத்துல கயிறு பாரு. உன் கையில இருக்கிறதுல அது தாளோட ஓரம் வரைக்கும் போகுது. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருக்கான். அவன் யாரா இருப்பான்னு நான் முப்பது வருஷம் யோசிச்சிருக்கேன். முப்பத்தேழுல கயிறு பாதியிலேயே மங்கிப்போச்சு. பிடிக்க ஆள் இல்லை."

கலிவரதன் பார்த்தார். எட்டு வருஷம் காபி குடித்தவர், அந்த ஆட்டுக்குக் கயிறு இருப்பதையே இப்போதுதான் பார்த்தார்.

"அப்ப என்னோட ஆட்டை யாரும் கட்டலையா?"

"இப்ப அது என்னோட ஆடு."

அதற்குமேல் நடந்தது சண்டையா பேச்சா என்று சொல்ல முடியாது. கயிற்றைப் பிடித்திருப்பவன் கசாப்புக்காரன் என்றார் ஒருவர். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் என்றார் மற்றவர். நடுவில் வஞ்சிரம் வறுபட்டு மேஜைக்கு வந்தது. படங்களில் எண்ணெய் தெறிக்கக் கூடாதென்று இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் கலிவரதன் பியாத்ரிஸ் முன்னால் வந்து நின்றார். கையில் அதே ஒன்றாம் நம்பர்.

"நீங்க சொன்ன மாதிரியே காட்டினேன் டீச்சர். காட்டினதால குடுக்க மாட்டேன்னுட்டான்."

"ஆமாம்."

"ஆமாமா? காட்டாம இருந்தா குடுத்திருப்பான்."

"குடுத்திருப்பார்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் ஒற்றி முடித்த படத்தை உலர வைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் இருந்தீங்க அங்க?"

"இப்பதான் வரேன்."

"என்ன பேசினீங்க?"

"என்ன பேச்சு? அந்தக் கயிறு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "புதன்கிழமை ஒண்ணாம் நம்பரைத் தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கான். வெளிச்சத்துல இன்னொரு தடவை பாக்கணுமாம். போறதா வேண்டாமான்னு தெரியலை."

"ம்."

"அப்ப முப்பத்தேழு எனக்கு இனிமே கிடைக்காது. அவ்வளவுதானே டீச்சர்?"

"நாப்பது ஆடு நாப்பது வீட்டுல இருக்குண்ணே. நீங்க இன்னும் ஒரு வீட்டுக்குத்தானே போயிருக்கீங்க."