மேனேஜர் ஜான்

கொடைக்கானல் லாட்ஜ் ஒண்ணுக்கு மேனேஜரா வந்தாரு ஜனார்த்தனம். வந்த அன்னிக்கே பேரை ஜான்னு வெட்டிக்கிட்டு, ரூம் கதவுல அதையே போர்டா மாட்டிட்டாரு. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடணுமாம். போதாததுக்கு, "வெள்ளக்காரங்க எதைக் கேட்டாலும் சரியா வழி காட்டணும். ஒரு தப்பு நடந்தாலும் வேலை காலி"ன்னு, பாத்ரூம் கழுவுற செவனம்மாகிட்ட தெனமும் இதே ரோதனை. ஏபிசிடி தெரியாத பொம்பள என்னதான்யா பண்ணும்?

ஒருநாள் அமெரிக்காக்காரர் ஒருத்தரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடியாந்தாரு. "வேர் இஸ் த ஜான்?"

செவனம்மாவுக்குப் புரிஞ்சது ஜான் மட்டுந்தான். நேரா மேனேஜர் ரூமுக்குக் கூட்டிப்போயி கதவைத் தொறந்துவிட்டுச்சு. பெல்ட்டைக் கழட்டிக்கிட்டே பாய்ஞ்ச மனுசன், உள்ள நாற்காலியில ஆளைப் பாத்ததும், "ஜான்! டாய்லெட்! டாய்லெட்!"னு கத்திட்டு தோட்டத்துப் பக்கம் ஓடிட்டாரு.

மேனேஜர் வெளிய வந்து குதிச்சாரு. "ஏம்மா, என் உயிரை எடுக்குறதுக்குன்னே பொறந்தியா? அவங்க ஊர்ல ஜான்னா கக்கூஸாம்! தப்பு வழி காட்டிட்ட. கெளம்பு!"

லாட்ஜே கூடிருச்சு. செவனம்மா அசரல.

"சார், ஜான்னா நீங்கன்னா, நான் காட்டுன வழி சரி. ஜான்னா கக்கூஸுன்னா, போர்டு மாட்டுன ஆளு தப்பு. இப்ப யாரு கெளம்பணும்?"

கூட்டம் சிரிச்ச சிரிப்புல மேனேஜர் மூஞ்சி செவந்துபோச்சு. "போதும் தாயே, போயி உன் வேலையைப் பாரு!"

செவனம்மா வாளியைத் தூக்கிச்சு. "எந்த ஜானை மொதல்ல கழுவட்டும் சார்?"